சுடலாமா, விடலாமா? பெரிய கொம்பு மான் முன்னால் வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். மொத்தமே ஒன்பது நாள். அன்றைக்கு விடியும் முன்பே லட்சக்கணக்கானவர்கள் பளீரென்ற ஆரஞ்சு நிற அங்கியோடு பரணில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கா போன நம்மவர்களில் சிலரும், கூட வேலை செய்பவர்கள் அழைத்துப் போய் இந்தப் பழக்கத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகமெல்லாம் பெரும்பாலும் குறி பார்ப்பது பற்றித்தான். அது சுடும் பயிற்சி மைதானத்தில் நாலு தடவை பழகினால் கைக்கு வந்துவிடும். சிக்கலே வேறு: பெரிய ஆண் மான் ஒன்று எதிரே வந்து நிற்கிறது. டேக், அதாவது ஒரு மானைச் சுட அனுமதிக்கும் சீட்டு, ஒன்றுதான் இருக்கிறது. சுடுவதா, இன்னும் ஒரு வருஷம் வளரட்டும் என்று விடுவதா?

(ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசுவது முழுக்க வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான் பற்றி. அங்கே உரிமம், டேக், சீசன் என்று எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது.)

கண் முதலில் கொம்புக்குப் போவது

எல்லாத் தவறுக்கும் வேர் இதுதான். கொம்பைப் பார்த்ததும் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அப்புறம் வேறு எதுவும் கண்ணில் படாது.

வெள்ளைவால் மானின் கொம்பு ஒவ்வொரு வருஷமும் குளிர்காலக் கடைசியில் விழுந்து, வசந்தத்தில் புதிதாக முளைக்கும். அது எவ்வளவு பெரிதாகும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வயது, தீனி, பிறவி. இதில் வேட்டைக்காரர் விரலால் முடிவு செய்யக்கூடியது வயது ஒன்றைத்தான். ஒன்றரை வயதில் ஒரு மான் தன் முழு வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு கொம்பைத்தான் காட்டும். மூன்றரையில் ஏறக்குறைய முக்கால் பங்கு. ஐந்தரை, ஆறரையில்தான் உச்சம். குட்டிகள் மே, ஜூனில் பிறக்கின்றன. வேட்டை நவம்பரில் நடக்கிறது. அதனால்தான் வயதெல்லாம் ‘அரை’யில் முடிகிறது.

சரி, வயதை எப்படிப் பார்ப்பது? கொம்பை மனதால் மறைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள், அதுவும் பக்கவாட்டில் நிற்கும்போது. ஒன்றரை வயது மானுக்குக் கால் நீளம், கழுத்து ஒல்லி. கொம்பை எடுத்துவிட்டால் பெண் மான் என்றே நினைப்பீர்கள். இரண்டரையில் தோள் கொஞ்சம் திரண்டிருக்கும், ஆனால் இடுப்பு ஒட்டியே இருக்கும். ஏமாற்றுவது மூன்றரை வயதுதான். நெஞ்சு ஆழமாகிவிடும், இணை தேடும் பருவத்தில் கழுத்து வீங்கும், கொம்பும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடிவயிற்றுக் கோடு பின்னால் போகப் போக மேலே ஏறும். பந்தயக் குதிரையைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த ஏற்றம் கண்ணில் பட்டால் மான் இன்னும் வளர வேண்டியது. நாலரையில் இடுப்பு நிரம்பி, நெஞ்சும் வயிறும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். ஐந்தரைக்கு மேல் வயிறு கீழே தொங்கும், அதனாலேயே கால் குட்டையாகத் தெரியும். கழுத்து எங்கே முடிந்து நெஞ்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னங்கால் மூட்டின் உள்பக்கச் சுரப்பியிலிருந்து கறுத்த கறை கீழ்நோக்கி வழிந்திருக்கும்.

இதிலும் மாதம் பார்க்க வேண்டும். செப்டம்பரில் வில் அம்பு வேட்டை சீசனில் வரும் கிழட்டு மானுக்கும் கழுத்து வீங்கியிருக்காது. இளசு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இணை தேடும் பருவத்தில் ஆண் மான் தின்பதைக் குறைத்து ஓடிக்கொண்டே இருப்பதால், அது முடியும்போது உடல் எடையில் கால் பங்குவரைகூட இழந்திருக்கும். டிசம்பர் கடைசியில் அதே ஐந்தரை வயது மான் வயிறு ஒட்டிப்போய் மூன்றரை போல நிற்கும்.

கண்ணைப் பழக்க நல்ல வழி, சுட்ட பிறகு தாடையைப் பார்ப்பது. கீழ்த்தாடைப் பற்களின் தேய்மானத்தை வைத்து வயது சொல்லும் முறை 1949 முதலே இருக்கிறது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் ஆய்வகத்துக்கு ஒரு பல்லை அனுப்பினால், வேரில் படிந்த வளையங்களை எண்ணிச் சொல்வார்கள். பரணில் நீங்கள் நினைத்த வயதையும் தாடை சொல்லும் வயதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். சில சீசனில் உங்கள் கணிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

பரணில் உட்கார்ந்து இஞ்ச் கணக்குப் போடுவது

தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப்பின் அளவுமுறைதான் இன்றைக்கும் வேட்டைக்காரர்கள் பேசும் ‘ஸ்கோர்’. இரு கொம்புகளுக்கு இடையிலான உள் அகலம், இரண்டு முதன்மைத் தண்டுகளின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், பக்கத்துக்கு நான்கு சுற்றளவு, எல்லாவற்றையும் கூட்டி, இடது வலது வித்தியாசத்தைக் கழிப்பார்கள். ஒழுங்கான கொம்புக்கு நிரந்தரப் பதிவேட்டில் இடம் பிடிக்க 170 இஞ்ச் வேண்டும். அதுவும் கொம்பு 60 நாள் காய்ந்த பிறகு அளந்தால்தான் செல்லும்.

ஒரு அழகான எட்டு முனை மானை (பக்கத்துக்கு மூன்று கிளை, தண்டின் நுனி ஒன்று) எடுத்துக்கொள்ளுங்கள். உள் அகலம் 17, தண்டுகள் 21 வீதம் 42, முகத்தருகே இருக்கும் கிளைகள் 4 வீதம் 8, அடுத்தவை 9 வீதம் 18, அதற்கடுத்தவை 7 வீதம் 14, எட்டுச் சுற்றளவும் 4 வீதம் 32. கூட்டினால் 131. பரணிலிருந்து பார்த்தவர் சத்தியமாக 150 என்பார். கொம்பு நிஜத்தில் சின்னதாக இல்லை. கண்தான் அகலத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறது. கூட்டலைப் பாருங்கள், அகலத்துக்கு அதில் கிடைப்பது 17 மட்டுமே. ஸ்கோரை ஏற்றுவது தண்டின் நீளமும் கிளைகளின் நீளமும் எண்ணிக்கையும்தான்.

மான் உங்களை விட்டு விலகி நடக்கும்போது பின்னாலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அந்தக் கோணத்தில் எல்லாக் கொம்பும் பிரம்மாண்டம். காதை விறைத்து நிற்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிவரை வடக்கு மாநில மானுக்கு ஏறக்குறைய 16 இஞ்ச் இருக்கும். தெற்கே குறையும். கொம்பு அதற்கு வெளியே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது அகலத்துக்கு நல்ல கணக்கு.

ஸ்கோரில் தப்பினால் பெருமை குறையும், அவ்வளவுதான். சட்டத்தில் தப்பினால் அபராதம். டெக்சாஸில் பல மாவட்டங்களில் ஒரு பக்கக் கொம்பாவது கிளையில்லாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள் அகலம் 13 இஞ்ச் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் 2002 முதல் ஒரு பக்கத்தில் குறைந்தது இத்தனை முனை என்று விதி உண்டு. மங்கலான வெளிச்சத்தில் எண்ண முடியவில்லையா, விட்டுவிடுங்கள். ‘இருக்கும் போலத்தான் தெரிந்தது’ என்பதை வனத்துறை அதிகாரி கேட்டுக்கொள்ள மாட்டார்.

அடுத்தவர் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போவது

யூடியூபில் வரும் மான்களில் பல, தெற்கு டெக்சாஸில் உயர வேலி போட்ட பண்ணைகளில் சத்துத் தீனி தின்று வளர்ந்தவை, அல்லது அயோவாவின் சோளக்காட்டு மண்ணில் வளர்ந்தவை. அதே டெக்சாஸின் ஹில் கன்ட்ரியில் பாறையும் ஜூனிபரும் நிறைந்த நிலத்தில் ஒரு ஐந்தரை வயது மான் 120 இஞ்சைத் தொட்டாலே பெரிய விஷயம். அதை ‘இன்னும் ஒரு வருஷம்’ என்று விடுவது, கிழவரை நாளைக்கு வளர்வார் என்று காத்திருக்கும் கதை. உங்கள் மாவட்டத்தில் நாலரைக்கு மேல் வயதான மான்கள் சராசரியாக எவ்வளவு கொம்பு வைக்கின்றன என்று உள்ளூரில் மான் தலையைப் பதப்படுத்தித் தருபவரிடமோ மாநில உயிரியலாளரிடமோ கேளுங்கள்.

முதல் வருஷம் போகிறவருக்கு என் கருத்து நேரடியானது: சட்டப்படி சரியான மான், சரியான கோணத்தில் நின்றால் சுடுங்கள். விடுவதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகப் பேசுகிறவர்கள் பலர் சுவரில் ஏற்கெனவே நாலு கொம்பு மாட்டியவர்கள்.

நிலத்தின் அளவை மறப்பதும் இதே ரகம். வளர்ந்த ஆண் மான் சுற்றும் பரப்பு பெரும்பாலும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவில் இருக்கும். இளம் ஆண் மான்களில் பாதிக்கு மேல் பிறந்த இடத்தை விட்டே மைல் கணக்கில் போய்விடும். உங்களிடம் இருப்பது 40 ஏக்கர் என்றால், நீங்கள் விட்ட மூன்றரை வயது மான் அன்று சாயங்காலமே பக்கத்து நிலத்துக்காரர் பரணுக்குக் கீழே நிற்கலாம். அப்படியென்றால் விடுவது வீணா? இல்லை. அமெரிக்கா முழுவதும் 1980-களின் கடைசியில் சுடப்பட்ட ஆண் மான்களில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுதான்; இன்று அது மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டது. சுற்று வட்டாரமே ஒன்றாக இளசுகளைச் சுடாமல் விட்டதால் நடந்தது அது. அதனால் சீசனுக்கு முன்னால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு ஒரு காபி குடித்துவிட்டு, அவர் எதைச் சுடுவார், எதை விடுவார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

‘கெட்ட ஜீன், எடுத்துவிடலாம்’

கோணல் கொம்பு, ஒற்றைக் கம்பு மாதிரி கொம்பு என்றால் ‘இதை எடுத்துவிட்டால் கூட்டம் சுத்தமாகும்’ என்று சொல்லிச் சுடுவது பழைய பழக்கம். வேலியில்லாத காட்டில் இது வேலை செய்வதில்லை. டெக்சாஸின் கொமாஞ்சி பண்ணையில் வருஷக்கணக்கில் சிறிய கொம்பு மான்களை ஆராய்ச்சிக்காகவே கழித்துப் பார்த்தார்கள். அடுத்த தலைமுறையின் கொம்பு பெரிதாகவில்லை. பெண் மானும் பாதி ஜீனைத் தருகிறது. அதன் தலையில் கொம்பு இல்லாததால் யாராலும் கணிக்க முடியாது. ஒன்றரை வயதில் ஒற்றைக் கம்பு வைத்திருந்தது தாமதமாகப் பிறந்ததாலோ, அந்த வருஷம் மழை பொய்த்ததாலோ இருக்கலாம். இறைச்சிக்காகச் சுடுங்கள், தப்பே இல்லை. ஜீன் பெயரைச் சொல்ல வேண்டாம்.

நோய் பரவிய இடத்திலும் விட்டுக்கொண்டே இருப்பது

மான்களின் மூளையைத் தின்னும் சி.டபிள்யூ.டி. (க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற ப்ரையான் நோய், அதாவது உருக்குலைந்த புரதத்தால் வரும் நோய், விஸ்கான்சினில் 2002-இல் இருப்பது தெரியவந்தது. இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. பெண் மான்களைவிட வயதான ஆண் மான்களிடம் இது அதிகம். ஊரெல்லாம் சுற்றிப் பரப்புவதும் அவையே. இந்தப் பகுதிகளில் ‘முதிரட்டும்’ என்ற கணக்கு தலைகீழாகிவிடும். சுட்டால் மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை இறைச்சியை உறைய வையுங்கள், நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம்.

முடிவை அந்த நொடிக்குத் தள்ளிப்போடுவது

பெண் மானைத் துரத்திக்கொண்டு வரும் ஆண் மான் இடைவெளியில் நிற்பது சில நொடிகள்தான். யோசிக்க அதற்குள் நேரம் இருக்காது. கென்டக்கி, ஒஹாயோ போல வருஷத்துக்கு ஒரே ஆண் மான் என்ற மாநிலங்களில் பரணில் ஏறும் முன்பே முடிவு கட்டுங்கள்: இந்த வாரம் நாலரைக்குக் கீழே கிடையாது, கடைசி வாரம் மூன்றரை போதும், எத்தனை கெஜத்துக்கு மேல் சுடமாட்டேன். முதல் நாள் விட்டதைக் கடைசி நாள் சுட ஆசைப்படுவீர்களா என்று கேட்டுப் பார்த்தாலே பாதி குழப்பம் தீரும்.

சுடலாம் என்று முடிவானதும் கொம்பை மறந்து தோளுக்குப் பின்னால் ஒரு புள்ளியைப் பாருங்கள். மார்பு உங்களைப் பார்த்து இருந்தாலோ, கிளை மறைத்தாலோ, எவ்வளவு பெரிய மானானாலும் சுடக்கூடாத மான்தான் அது. காயத்தோடு ஓடி இருட்டில் தொலைந்த மானைப் பல இடங்களில் டேக் கணக்கில்கூடச் சேர்க்க மாட்டார்கள். வீண் சாவுதான் மிச்சம்.

விட்டீர்கள் என்றால் தேதி, காற்றின் திசை, வந்த வழி எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். அது பிழைத்ததா என்று டிரெயில் கேமராவை (மான் வரும் வழியில் மாட்டி வைக்கும் தானியங்கி கேமரா) வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அதைவிட உறுதியானது பிப்ரவரி, மார்ச்சில் அது படுத்த இடங்களிலும் தீனி வழியிலும் விழுந்த கொம்பைத் தேடுவது. ஒரு பக்கம் கிடைத்தாலே போதும், தண்டையும் கிளைகளையும் அளந்து, கோடைக் கடைசியில் வரும் கேமரா படத்தோடு ஒப்பிடலாம். சில மாநிலங்களில் கொம்பு பொறுக்குவதற்கும் தேதி வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.