காக்கையையும் எழுதுங்கள்: குமரி மாவட்டப் பறவை வரைபடத்தில் நாம் செய்யும் தவறுகள்

தை மாதம் தேரூர் குளக்கரைக்குப் போனால் கூழைக்கடாவைவிட கேமராதான் அதிகம் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். கேலிதான், ஆனால் குமரி மாவட்டப் பறவை வரைபடத்தின் முதல் கோளாறு அதற்குள்ளேயே இருக்கிறது. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் தளத்தில் தன்னார்வலர்கள் ஏற்றும் பட்டியல்கள் தேரூர், சுசீந்திரம், மணக்குடி பொழிமுகம், புத்தளம் உப்பளம் என்று சில இடங்களிலேயே குவிகின்றன. அருமையான இடங்கள்தான். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் நாம் எங்கே பைக்கை நிறுத்துகிறோம் என்பதுதான் நன்றாகத் தெரிகிறது. பறவை எங்கே இருக்கிறது என்பது பாதிதான் தெரிகிறது.

மற்ற மாவட்டங்களைவிட இங்கே இது பெரிய தவறு. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் காற்றாலையும் கவுதாரியுமாக வறண்ட நிலம். மேற்கே வந்தால் ஏலா என்கிற வயல்வெளி, தென்னந்தோப்பு, அப்புறம் ரப்பர். வடக்கே 1,600 மீட்டரைத் தாண்டும் மகேந்திரகிரி. சின்ன மாவட்டம்தான், ஆனால் அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் பறவைகள் மாறிவிடும். வரைபடத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கே பறவை இல்லை என்று படிக்கக் கூடாது. ஆள் போகவில்லை என்று படிக்க வேண்டும். “ரப்பர் விளைக்குள் என்ன கிடைத்துவிடும்?” என்று கேட்பார்கள். எட்டு இனம்தான் கிடைத்தது என்றால் அந்த எட்டும் தகவல்தான். தேரூரின் ஐந்நூறாவது பட்டியலைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பேன்.

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்கக் கட்டம் போட்டுப் பறவை வரைபடத்தைச் செய்து முடித்தார்கள். சுமார் 25,000 பட்டியல்கள், 361 இனங்கள். எந்தத் துண்டு நிலத்துக்குப் போக வேண்டும் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாததுதான் அந்த வேலையின் பலம். அந்த வரைபடம் மாநில எல்லையில் பாறசாலையோடு நின்றுவிட்டது. பறவைகளுக்குக் களியக்காவிளை சோதனைச் சாவடி தெரியாது, சரி. ஆனால் இந்தப் பக்கம் நடக்க வேண்டியது நாம்தானே?

இரண்டாவது தவறு காக்கையை விடுவது. பட்டியலை முடிக்கும்போது ஈபேர்ட் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? அபூர்வமான நான்கைந்தை மட்டும் எழுதிவிட்டு ‘ஆம்’ என்று அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். அன்று காலை கோட்டாற்றில் காக்கை, மைனா, புறா எதுவுமே இல்லை என்று கணினி எடுத்துக்கொள்ளும். நூறு முழுப் பட்டியல்களில் எத்தனையில் மைனா வந்தது என்பதை வைத்துத்தான் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணக்குப் போடுகிறார்கள். சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். ஊர்வாரியாகக் காட்டு என்றால் கையில் ஒன்றும் இல்லை. சிட்டுக்குருவி நிறைய இருந்த நாளில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இடம் குறிப்பதில் நானே வழுக்கியிருக்கிறேன். காலையில் உப்பளம், மதியம் காளிகேசம், சாயங்காலம் பேச்சிப்பாறை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, தொடங்கிய இடத்தில் புள்ளி வைத்துவிட்டேன். மலை ஓடையில் விசிலடிக்கும் சீகாரப் பூங்குருவி, வரைபடத்தில் உப்புப் பாத்தியில் நின்றது. நிலம் மாறினால் புதுப் பட்டியல் தொடங்குங்கள். பதினைந்து நிமிடம், ஒன்றிரண்டு கிலோமீட்டர் என்று சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது.

எண்ணிக்கைக்குப் பதில் ‘எக்ஸ்’ போடாதீர்கள். ஆலாக் கூட்டம் பறந்தால் முதலில் பத்தை எண்ணிவிட்டு, அதைப் போல எத்தனை பத்து என்று பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் எழுதி மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும். தனித்தனியே ஏற்றினால் அறுபது நெடுங்கால் உள்ளான் இருநூற்று நாற்பதாகத் தெரியும்.

பருவமும் ஒரு பிரச்சினை. 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடப்பதால் ஜனவரியில் பட்டியல் குவியும், ஆடிக் காற்றில் பைனாகுலர் அலமாரிக்குப் போய்விடும். கேரளத்தில் ஜனவரி–மார்ச், ஜூலை–செப்டம்பர் என்று இரண்டு பருவமும் நடந்தார்கள். ஆடியிலும் போய்ப் பார்த்தால்தான் பச்சைப் பஞ்சுருட்டான் இங்கேயே இருக்கும், நீலவால் பஞ்சுருட்டான் வந்து போகும் என்பது பட்டியலில் தெரியும்.

இனி அடையாளம். தூரத்தில் வெள்ளையாக நிற்பதெல்லாம் சின்னக் கொக்கு ஆகாது. தெரியவில்லையா, ‘கொக்கு இனம்’ என்று பொதுவாக எழுத ஈபேர்டிலேயே வழி இருக்கிறது; அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொன்னதும் அப்படியே ஏற்றுவது இப்போது புதிதாகப் பரவும் பழக்கம். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளைப் போலக் கத்தி மனிதரையே ஏமாற்றும், செயலி எம்மாத்திரம்! கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூட்டைப் பார்த்தால் மட்டும் படமும் வேண்டாம், இடமும் வேண்டாம், விலகி வந்துவிடுங்கள்.

ஈபேர்ட் பதிவுகளைச் சரிபார்ப்பவர், “இது உறுதியா?” என்று கேட்டால் கோபித்துக்கொண்டு பட்டியலையே அழித்தவர்களை எனக்குத் தெரியும். அவரும் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கிற தன்னார்வலர்தான். படம் இல்லையென்றால் பார்த்ததை எழுதி அனுப்புங்கள். “நிச்சயமாகப் பார்த்தேன்” என்பது அவருக்கு உதவாது. “கறுப்பு அலகு, கறுப்புக் கால், விரல் மட்டும் மஞ்சள், சானல் ஓரத்தில் ஓடி ஓடி மீன் பிடித்தது” என்று எழுதினால் அவர் மறுகேள்வி கேட்க மாட்டார்.