வாழை இலையில் வலை இல்லை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தமிழ், ஆங்கிலம், வியட்நாமியம் என மூன்று மொழியில் இலை ஏடு ஒன்று தயாரித்துவருகிறேன். வாழை, தென்னை, வெற்றிலை எல்லாம் தாமிரபரணிக் கரைக்கும் மீகாங் கரைக்கும் பொதுவானவை. இலை நரம்புகளை எழுதும்போது மட்டும் ஒரே மாதிரியான தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் தவறு வாழையில். களக்காட்டு வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகூட, "நடுவில் தண்டு, இருபுறமும் கிளை நரம்பு, ஆகவே மாவிலை போல வலைப்பின்னல்" என்று எழுதிவிடுகிறது. இரண்டும் இறகு வடிவம் என்பது வரை சரிதான். ஆனால் வாழை இலைத் துண்டு ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தண்டிலிருந்து புறப்படும் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல், வரிவரியாக விளிம்பு வரை ஓடுகின்றன. ஆடிக்காற்றில் வாழை இலை சீப்புப் பல்லாக நேர்க்கோட்டில் கிழிவது இதனால்தான். மாவிலையைக் கிழித்தால் கோணல்மாணலாகத்தான் கிழியும்; குறுக்கே வலை தடுக்கிறது. ஆகவே வாழை, இறகு வடிவ இணைப்போக்கு. ஆங்கிலத்தில் பின்னேட் பாரலல். மாவிலை பின்னேட் ரெட்டிகுலேட்.

இரண்டாவது தவறு, இலையைப் பாராமல் விதியை எழுதுவது. ஒருவிதையிலை என்றால் இணைப்போக்கு, இருவிதையிலை என்றால் வலைப்பின்னல் என்ற பாடம் பெரும்பாலும் பொருந்தும். பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் குலையின் இலை அதற்குக் கட்டுப்படுகிறது. அதே கூடையில் கிடக்கும் சேம்பும் ஒருவிதையிலைச் செடிதான். அதன் இலையிலோ வலை ஓடுகிறது. கடலோரப் புன்னை இதற்கு நேர்மாறு: இருவிதையிலை மரம், ஆனால் கிளை நரம்புகள் மயிரிழை இடைவெளியில் அணிவகுத்து நிற்கும். இதைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதே இல்லை.

வேப்பிலையில் சிற்றிலைகளையே கிளை நரம்பு என்று எண்ணிவிடுவோரும் உண்டு. ஒரு சிற்றிலையைத் தனியே கிள்ளி, அதன் நரம்பை எழுத வேண்டும்.

சொற்களிலும் வழுக்கல் உண்டு. பாமேட் என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் பனை, தென்னை இரண்டையும் அதில் அடைத்துவிடுகிறார்கள். அது உள்ளங்கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் அங்கை வடிவம். பனையோலை அதில் சேரும், தென்னை சேராது. தென்னங்கீற்று இறகு வடிவம். அங்கை வடிவத்தை வியட்நாமியர் கன் ச்சன் வித் என்கிறார்கள், வாத்துக் கால் நரம்பு என்று பொருள். ஆமணக்கு இலையைப் பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். இறகு வடிவத்துக்கு அவர்களும் பறவை இறகைத்தான் சொல்கிறார்கள்: கன் லோங் ச்சிம்.

ஆங்கில அகராதி வழியாக வியட்நாமியத்துக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இலை நரம்பைக் குறிக்கும் வெயின் என்ற சொல்லில். அகராதி முதலில் நீட்டுவது தின் மாக். அது உடம்பில் இரத்தம் ஓடும் சிரை. இலை நரம்புக்கு அவர்கள் சொல் கன் லா. லா என்றால் இலை, கன் என்றால் தசைநார். ஆங்கிலேயர் இலையில் குழாயைக் கண்டார்கள், வியட்நாமியர் நாரைக் கண்டார்கள், நாம் யாழுக்கும் உடம்புக்கும் பொதுவான நரம்பைக் கண்டோம். நீரும் உணவும் போகும் வழியும் அதுதான், இலையைத் தாங்கி நிறுத்துவதும் அதுதான் என்பதால் மூன்றும் எனக்குச் சரியாகவே படுகின்றன. அடைமொழி அங்கே பின்னால் வரும்: வலைப்பின்னல் என்றால் கன் ஹின் மாங், இணைப்போக்கு என்றால் கன் சாங் சாங். தமிழ் வரிசையில் மாற்றிப் போட்டால் தொடர் சிதைந்துவிடும்.

வகைகளையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்தக் கூடாது. அவர்கள் வகைப்பாட்டில் மூன்றாவதாக கன் ஹின் கூங், அதாவது வில் போல் வளைந்த நரம்பு, தனி வகை. தாமிரபரணியை அடைக்கும் அமலைச்செடியின், அதாவது ஆகாயத்தாமரையின், இலையை எடுங்கள்: நரம்புகள் அடியில் பிரிந்து, வளைந்து, நுனியில் கூடுகின்றன. அவர்கள் கணக்கில் அது வில். நம் பாடத்தில் அங்கை வடிவ இணைப்போக்கின் குவி வகை. ஏட்டில் அந்தப் பக்கத்தில் மட்டும் இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் இலையை உலர்த்தி ஒட்டியிருக்கிறேன்.