ஊரடங்கில் குடும்ப வன்முறை பற்றிய கணக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும், வீடு வீடாகச் சென்று தகவல் திரட்டிவந்த ஆய்வுக் குழுக்கள் பல தொலைபேசிக்கு மாறின. ரேஷன் அரிசி கிடைத்ததா என்று போனில் கேட்பதில் ஆபத்தில்லை. கணவர் அடிக்கிறாரா என்று கேட்பது அப்படியல்ல, ஏனெனில் அடிப்பவரும் அந்நாட்களில் பெரும்பாலும் அதே அறையில்தான் இருந்தார்.

எதிர்முனையில் பேசும் பெண் தனியாக இருக்கிறார் என்று நம்பிவிடுவதே பெரிய தவறு. "தனியாக இருக்கீங்களாம்மா?" என்றால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், போன் ஸ்பீக்கரில் இருப்பதை அவரால் சொல்ல முடியாது. 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வரும்படி கேள்விகளை அமைத்தால் போதும் என்பவர்கள், அரைமணி நேரம் தாழ்ந்த குரலில் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவியிடம் கணவர் பிறகு என்ன கேட்பார் என்று யோசிப்பதில்லை. பல வீடுகளில் போனே கணவருடையது. பதிவாகியிருக்கும் எண்ணை அவர் திரும்ப அழைத்துப் பார்க்கக்கூடும். அப்போது எடுப்பவர் 'பெண்கள் உடல்நலம் பற்றிய ஆய்வு' என்பதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது. யாராவது அருகில் வந்துவிட்டால் சொல்வதற்கென ஒரு சொல்லை முன்கூட்டியே பேசிவைத்து, அது காதில் விழுந்ததும் கேள்வி கேட்பவர் காய்கறி விலைக்குத் தாவிவிட வேண்டும்.

நேரில் நடத்தப்படும் தேசியக் குடும்ப நல ஆய்வே வன்முறை பற்றிய கேள்விப் பகுதிக்கு ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. தனிமை கிடைக்காவிட்டால் அப்பகுதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தொலைபேசி ஆய்வுக்கு எந்த நியாயமும் இல்லை.

உதவிக்கு வழி செய்யாமல் கேள்வியோடு நின்றுவிடுவது அடுத்த தவறு. நெருக்கடிகளில் பாலியல் வன்முறை குறித்துத் தகவல் திரட்டுவதற்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட எட்டுப் பரிந்துரைகளில், ஆதரவுச் சேவைகள் முதலில் இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. கொடுக்கப்போகும் எண்களை ஆய்வு தொடங்குமுன் நீங்களே அழைத்துப் பாருங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-ஐத் தனியாகக் கொடுக்காமல், ஆம்புலன்ஸுக்கான 108, மருத்துவ ஆலோசனைக்கான 104 ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது, கணவர் பார்த்தாலும் சந்தேகம் எழாது.

ஆய்வில் கிடைத்த புள்ளிவிவரங்களைத் தவறாகப் படிப்பதும் உண்டு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 13 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெருந்தொற்றுக் காலத்தில் தாமோ தமக்குத் தெரிந்த ஒரு பெண்ணோ வன்முறைக்கு ஆளானதாக 45 விழுக்காட்டினர் கூறினர். பாதுகாப்புக் கருதியே கேள்வி அப்படி மறைமுகமாக அமைக்கப்பட்டது. அதை '45 விழுக்காடு பெண்கள் தாக்கப்பட்டனர்' என்று எழுதுவது பிழை. அதுபோலவே, உதவி எண்ணுக்கு அழைப்புகள் குறைந்தால் வன்முறை குறைந்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. போனை எடுத்துப் பேச இடமில்லாமல் போயிருக்கலாம்.