ஒரு ரிக்கற் மிச்சம்: ஊருக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எத்தனை பெட்டி கட்டுவது, எந்தச் செருப்பைக் கொண்டுபோவது என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்து வடமராட்சிக்குக் காசு பார்த்துப் போய்வர மூன்று மாதம் கணக்குப் போட்டேன். முக்கால்வாசிக் கணக்கு சரியாகவே வந்தது. மிச்சக் கால்வாசியில் அத்தனையையும் தொலைத்துவிட்டு வந்தேன்.

சரியாக வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடி, ஆவணியில் போகாதீர்கள். இங்கே பள்ளிக்கூட விடுமுறை, அங்கே நல்லூரில் 25 நாள் திருவிழா. இரண்டும் சேர்ந்தால் ரிக்கற் விலை தேர் உயரத்துக்கு ஏறும். மார்கழி விடுமுறையும் அப்படித்தான். நான் மாசியில் போனேன். மழை ஓய்ந்திருந்தது, வெயில் இன்னும் கொல்லத் தொடங்கவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கைகூடக் காலியாக இருந்தது.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினால் மலிவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது, கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி வந்தது. காங்கேசன்துறைக்காரருக்கு வீட்டு வாசலில் இறங்குகிற மாதிரி. ஆனால் இரண்டு ரிக்கற்றையும் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். அந்தச் சின்ன விமானத்தில் பெட்டிக்கு விடும் கிலோவும் குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். சென்னையில் கூறைப்புடவை எடுக்கிற வேலை இருப்பவர்களுக்கு அந்த வழி சரி. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்ரோபரில் தொடங்கிய கப்பல் கடல் குழம்பினால் நிற்கும். நாள் எண்ணிப் போகிறவர்கள் அதை நம்ப வேண்டாம்.

இலங்கை விசாவுக்கு அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடினால் அதே சாயலில் வேறு தளங்கள் மேலே வந்து நிற்கும். அதே விண்ணப்பத்தை நிரப்பித் தருவதற்கு அவை தனியாகக் காசு பிடுங்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து நேரே வீட்டு முற்றத்தில் இறங்குவதுதான் எங்கள் சனத்துக்குக் கௌரவம். நான் கொழும்புக் கோட்டையிலிருந்து ரெயினில் வந்தேன். முன்பதிவு 30 நாளுக்கு முன்பே திறந்துவிடும், அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வடமராட்சிக்காரர் யாழ்ப்பாணம் வரை போகத் தேவையில்லை. கொடிகாமத்தில் இறங்கினால் பருத்தித்துறைப் பக்கம் போக பஸ் இருக்கிறது. ரெயினில் இடம் கிடைக்காவிட்டால் வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ். “கனடாவிலையிருந்து வந்தவ பஸ்ஸிலையோ வந்தவ?” என்று மாமி ஒருத்தி கேட்டார். ஓம் என்றேன். அந்தப் பதிலுக்கு மட்டும் வான் காசு மிச்சம்.

அங்கத்தைய விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய், மே மாதத்துக்குள் 360 அளவில் போய் நின்றது. பிறகு ரூபாய் கொஞ்சம் தேறினாலும் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். பெரிய கடைகளிலும் ஹோட்டல்களிலும் அதுவும் சேவைக் கட்டணமும் கடைசியில்தான் தலைகாட்டும். அதனால் டொலரை ரூபாயாக்கிப் பார்த்து எல்லாம் மலிவு என்று மயங்காதீர்கள். உறவினர் வீட்டில் தங்கினால் செலவே இல்லை என்றும் மயங்காதீர்கள். செலவு இருக்கிறது, அதை நாங்கள் கட்டுவதில்லை, அவ்வளவுதான். நான் இருந்த நாளெல்லாம் தம்பி வீட்டில் விளைமீனும் நண்டும் சமைத்தார்கள். நான் இல்லாத நாட்களில் என்ன சமைக்கிறார்கள் என்று தம்பியின் கடைக்குட்டி எனக்குச் சொல்லிவிட்டாள்.

சரி, இனிக் கால்வாசிக் கதை.

நெல்லியடிக்குப் பக்கத்தில் உள்ள அந்த வீடு 1993 இல் எனக்குச் சீதனமாக எழுதியது. நான்கு வருடத்தில் நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம். அம்மா கண்மூடும் வரை அங்கேதான் இருந்தார். பார்த்தது தம்பி. கூரை மாற்றியது, கிணறு இறைத்தது, மதில் கட்டியது எல்லாம் தம்பி. பெயர் மட்டும் என்னுடையது. “வரேக்கை உன்ரை பேரிலை எழுதித்தாறன்” என்று தொலைபேசியில் நான்தான் பலமுறை சொன்னேன். பேச்சு முடிகிற நேரத்தில் வேறு சொல்ல ஒன்றும் இல்லாதபோது சொல்கிற வார்த்தை அது. இந்தமுறை தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். வீட்டை வங்கியில் வைத்துக் கடன் எடுக்க வேண்டுமாம்.

என் கணவரும் வருவதாகத்தான் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு நான்தான் மறித்தேன். கையெழுத்து வைக்கப் போவது நான், உங்களுக்கு ஏன் வீண் ரிக்கற் என்றேன். எனக்கும் இருப்பதிலேயே மலிவானதை எடுத்தேன், 18 நாள், திகதி மாற்ற முடியாதது. அதில் மட்டும் 420 டொலர் மிச்சம். அவருடைய ரிக்கற் முழுதாக மிச்சம்.

நாலாம் நாள், காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டு விறாந்தையில் போய் இருந்தோம். வயதானவர், எங்கள் அப்பாவைத் தெரிந்தவர். பழைய உறுதியை மேலிருந்து கீழே வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, அவர் எங்கை?”

கனடாவில் என்றேன்.

“அவற்றை சம்மதக் கையெழுத்து இல்லாமல் இது முடிக்கேலாதே.”

எங்களுக்கு இருப்பது தேசவழமை, 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிவைத்த ஊர்ச் சட்டம். அதன்மேல் 1911 இல் வெள்ளைக்காரர் ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். அந்தக் கணக்கில், கலியாணம் முடித்த பெண் தன் அசையாச் சொத்தை, அது தாய் தந்த சீதனமாகவே இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ முடியாது. ஸ்காபரோவில் வீட்டுக் கடனுக்கு நான் இத்தனை வருடம் சரிபாதி கட்டியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம்? சொன்னேன். தலையாட்டினார்.

தம்பி விடவில்லை. அக்கா இப்ப கனடாக்காரி, தேசவழமை அவவுக்குச் செல்லுமோ என்று கேட்டான். நொத்தாரிசு கொஞ்சம் யோசித்தார். தேசவழமை யாழ்ப்பாணத்தில் வதியும் தமிழருக்கானது, வேறிடத்தை நிரந்தர வீடாக்கிக்கொண்டவருக்கு இல்லை என்று கோட்டில் வாதாட இடமுண்டு என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் இன்னும் இந்த ஊர் ஆள் எண்டு கணக்கோ, இல்லையோ, பிள்ளை?” என்றார். சட்டத்துக்காகக் கேட்டதுதான். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் குடித்தேன். எப்படியானாலும் கையெழுத்து இல்லாமல் தான் முடிக்கமாட்டேன் என்று அவரே அந்தக் கேள்வியையும் மூடினார்.

ஆகவே இவர் ரொறன்ரோவில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் துணைத் தூதரகத்துக்குப் போய், தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கத் தம்பியின் சிநேகிதர் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி, கூரியரில் போட்டார். பிரதி செல்லாது, மூலந்தான் வரவேண்டும், வந்தபின் அதை அங்கே பதியவும் வேண்டும்.

அது வரும்வரை சும்மா இருந்தோம் என்று நினைக்கிறீர்களா? உறுதியில் என் பெயர் அப்பாவின் பெயரோடு இருக்கிறது, கடவுச்சீட்டில் இவருடைய பெயரோடு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட விவாகப் பதிவின் பிரதி வேண்டும். அது பிரதேச செயலகத்தில் அரை நாளில் கிடைத்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதன்மேல் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக்கடதாசி. அதன்மேல் தோம்பு. காணி யார் யார் கைமாறி வந்தது, ஈடு ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கிற அந்த வேலைக்கு ஓர் அலுவலகத்துக்கு ஐந்து தடவை போனேன். முதல் நாள் விண்ணப்பப் படிவம் முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் போயா, கேட்டில் பூட்டு. மாதம் ஒரு பறுவம் அங்கே அரச விடுமுறை என்பதை எனக்கு அந்தப் பூட்டு ஞாபகப்படுத்தியது. மூன்றாம் நாள் புத்தகம் இருந்தது, அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நாலாம் நாள் அலுவலர் இருந்தார். அந்தப் புத்தகத்தைக் கட்டுவதற்கு அனுப்பியிருந்தார்கள். வாங்கில் என் பக்கத்தில் இருந்த கிழவி ஒருவர் புட்டும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அனுபவம் உள்ளவர். எனக்கும் பாதி தந்தார்.

ஒவ்வொரு தடவையும் தம்பி தோட்ட வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கினான். 750ஆம் இலக்க பஸ்ஸில் போகிறேன் என்றாலும் விடமாட்டான். எத்தனை லீற்றர் எரிந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் நான் எழுதி வைக்காத ஒரே செலவு அதுதான்.

கூரியர் பதினாறாம் நாள் வந்தது. பதிவு முடிய முதல் என் விமானம் போய்விட்டது. திரும்புகிற பாதி ரிக்கற் அப்படியே குப்பை, ஒருவழி ரிக்கற் 1,140 டொலர். வேலையில் சம்பளமில்லாத ஒன்பது நாள். உறுதி முடிந்த அன்று முத்திரைக் காசை நான் கட்டப் போனேன், தம்பி விடவில்லை. நன்கொடை உறுதிக்கு முத்திரைத் தீர்வை விற்பனை உறுதியைவிடக் குறைவு என்று நொத்தாரிசு சொன்னது மட்டுந்தான் அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த மலிவு.

ஆகவே என் புத்திமதி இதுதான். ரிக்கற் எடுக்க முதல் ஊருக்கு எடுத்து, என்ன கையெழுத்து வேண்டும் என்று நேரே கேளுங்கள். “ஒண்டுமில்லை, நீங்கள் வந்தால் காணும்” என்பார்கள். நம்பாமல் திரும்பக் கேளுங்கள். காணி விசயம் என்றால் உறுதியின் படத்தை அங்கேயுள்ள நொத்தாரிசுக்கு அனுப்பி, கணவன் மனைவி இருவரும் இங்கேயே அற்றோணி எழுதி முன்கூட்டி அனுப்பிவிடுங்கள். சரியாகச் செய்தால் அந்த வேலைக்காகப் போகவே தேவையில்லை. பெயர் மாறியவர்கள் விவாகப் பதிவைக் கையோடு கொண்டுபோங்கள். போகும் மாதத்தின் போயா எப்போது என்று பாருங்கள். வேலை அலுவல் இருக்கிறது என்றால் திகதி மாற்றக்கூடிய ரிக்கற்றை எடுங்கள். மலிவு ரிக்கற் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு.

இன்னொன்று. இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் இந்தப் பக்கத்துக் குடிமக்களாகிவிட்டவர்கள் எழுதிக்கொடுக்க முன் ஒருதரம் யோசியுங்கள். வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. முதுசமாக வருவது வேறு கதை. கொடுத்ததை நினைத்த நேரம் திரும்ப வாங்கலாம் என்று இருக்காதீர்கள். நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் எழுதியிருப்பேன்.

வங்கிக் கடன் எதற்கு என்று கடைசி இரவுதான் கேட்டேன். கிணற்று மோட்டருக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மூத்தவன் வெளிக்கிடப் போறான், அக்கா.”

எங்கே என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. எந்த வாயால் சொல்வது? இந்தக் காசு நெருக்கடியில் ஏஜென்சிக்குக் கொட்டாதே, இங்கேயே ஏதாவது பார் என்று, 1997 இல் அதே வீட்டின் படலையைச் சாத்திவிட்டு வந்தவள் சொல்லலாமா? பெடியன் குசினி வாசலில் நின்று நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். குளிர்ச் சட்டை அங்கே வாங்காதே, இங்கே பொருத்தமானதாக எடுக்கலாம் என்றேன்.

திரும்பி வந்தபின் அடுத்த பயணத்துக்கென்று கொப்பியில் புதுப் பக்கம் திறந்தேன். ரிக்கற், விசா, ரெயின், கைச்செலவு என்று வழக்கமான வரிகள். இந்தமுறை ‘தங்குமிடம்’ என்றும் ஒரு வரி எழுதினேன். இதுவரை அந்த வரி என் கணக்கில் இருந்ததில்லை. தம்பி கேட்டால் கோபிப்பான். எதிரே தொகை எதுவும் இன்னும் போடவில்லை.