ஹரேம் பத்தின பழைய பயணக் குறிப்பு படிக்கறப்ப இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஹரேம், அதாவது அரண்மனைல பொம்பளைங்க இருந்த தனிப் பகுதி, அதைப் பத்தி 17ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரர் ஒருத்தர் எழுதிட்டார்னா அது கண்ணால பாத்த சாட்சின்னு அப்படியே எடுத்துப் போடறாங்க பாருங்க, பெரிய தப்பு அதுதான். மொதல்ல அவர் எங்க நின்னு பாத்தாருன்னு பாக்கணும். 1599ல எலிசபெத் ராணி துருக்கி சுல்தான் மூணாம் மெஹ்மதுக்கு அனுப்பின ஆர்கன்ற இசைக்கருவியைப் பொருத்தப் போன தாமஸ் டாலம், சுவத்துக் கம்பி வழியா முப்பது பொண்ணுங்க பந்து விளையாடறதைப் பாத்தாரு, அதுவும் மொதல்ல பசங்கன்னு நெனச்சுட்டாராம். அவ்ளோதான் அவர் பாத்தது, ஆனா முக்காவாசிப் பேருக்கு அந்தக் கம்பி கூட கெடைக்கல. ஃபிரெஞ்சு வியாபாரி தவெர்னியே 1675ல இஸ்தான்புல் அரண்மனை பத்தி புக்கே போட்டாரு, பொம்பளைங்க பகுதியப் பத்தி தெரிஞ்சுக்க வழியே இல்லன்னு சொல்லிட்டு அதுக்கும் ஒரு சாப்டர் வெச்சிருக்காரு (வாசகன் தேடுவான்ல!).

நாலு புக்ல இருக்கே, அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு நம்பறது இன்னொண்ணு. பொண்ணுங்க தப்பா யூஸ் பண்ணிடக் கூடாதுன்னு வெள்ளரிக்காய நறுக்கித்தான் ஹரேமுக்குள்ள அனுப்புவாங்கன்னு ஒரு கதை, வெனிஸ் தூதர் ஒத்தாவியானோ போன் 1600கள் ஆரம்பத்துல எழுதினதுல இருக்கு, பின்னாடி வந்தவங்க அதையே ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிட்டுப் போனாங்க. சுல்தான் கைக்குட்டையப் போட்டு பொண்ணை செலக்ட் பண்ணுவாருன்றதும் இதே ரகம்தான், இங்கிலாந்துக்காரங்க லேடி மேரி மாண்டேகு 1718ல சுல்தான் ரெண்டாம் முஸ்தபாவோட விதவை ஹஃபிசே கிட்டயே இதைக் கேட்டாங்க, சுத்தக் கட்டுக்கதைன்னு தெரிஞ்சுது.

அதுக்காக லேடி மேரி சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு எடுத்துக்காதீங்க. அவங்க தூதரோட மனைவி, பெரிய வீடுங்களுக்கு விருந்தாளியா போனவங்க, அடிமைப் பொண்ணுங்க நெலமைய ரொம்ப லேசா சொல்லிட்டுப் போயிடறாங்க. ஆனா சோஃபியா ஊர்ல (இப்ப பல்கேரியா) இருந்த பொம்பளைங்க குளியல் கூடம் பத்தின லெட்டர்ல அநாகரிகமா ஒரு சைகை கூட இல்லன்னு அவங்களே எழுதியிருக்காங்க, அதே லெட்டரை வெச்சு ஃபிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1862ல முடிச்ச படத்தைப் பாருங்க, ஒரே சொகுசு மயக்கம், ஆளு துருக்கி பக்கமே போனதில்ல. ஹரேம்னா இன்னிக்கும் தம்ப்நெயில்ல வந்து நிக்கறது அந்தப் படம்தான்.

எல்லாமே புருடான்னு தூக்கிப் போடறதும் சரியில்ல. மொகலாய அரண்மனைக்கு வைத்தியம் பாக்கப் போன ஃபிரெஞ்சு டாக்டர் பெர்னியேவ, தலைலேர்ந்து கால் வரைக்கும் காஷ்மீர் சால்வைய மூடி, கண்ணு தெரியாதவரைக் கூட்டிட்டுப் போற மாதிரி உள்ள கூட்டிட்டுப் போனாங்க. அதனால உள்ள இருந்த தோட்டம், தண்ணித் தொட்டியெல்லாம் தான் பாத்ததா அவர் சொல்லல, ஹரேம் காவலாளிங்க சொன்னதுன்னு பிரிச்சு எழுதறாரு. இந்த மாதிரி எடத்தை தாராளமா யூஸ் பண்ணலாம், ஆனா கோட் பண்றப்ப அந்த "சொன்னாங்க"வ மட்டும் வெட்டிடாதீங்க, நெறைய பேர் மொதல்ல வெட்டறதே அதைத்தான்.