சி.ஓ.பி.டி. நோயாளியின் வினாத்தாள் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

நெஞ்சுநோய்ப் புறநோயாளர் பிரிவில் நோயாளியின் சீட்டில் 'சி.ஏ.டி. 22' என்று எழுதியிருக்கும். சி.ஏ.டி. என்பது, நோய் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் இடும் வினாத்தாள். அதைப் பார்த்து 'கொஞ்சம் அதிகம்தான்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவது எளிது. ஆனால் அந்த 22 எந்தெந்தக் கேள்விகளிலிருந்து வந்தது, சென்ற முறை எவ்வளவு இருந்தது என்ற இரண்டும் தெரியாவிட்டால், அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவர்களைப் பார்க்கும் செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள், பயிற்சி மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்த வினாத்தாள் என்று பாருங்கள். 2009-இல் வெளியான சி.ஏ.டி. வினாத்தாளில் எட்டுக் கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இடலாம், மொத்தம் 40. செயிண்ட் ஜார்ஜ் சுவாச வினாத்தாள் நீளமானது. ஐம்பது கேள்விகளுக்கான பதில்களைத் தனித்தனி எடையிட்டுக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். இவை இரண்டிலும் எண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். ஆனால் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வெளியான நாள்பட்ட சுவாசநோய் வினாத்தாளில் இது தலைகீழ்: 1 முதல் 7 வரையான அளவுகோலில் எண் கூடினால் நோயாளி நன்றாக இருக்கிறார் என்று பொருள். பழைய கோப்பைப் புரட்டும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், தேறிவருபவரை மோசமாகிவருபவர் என்று எழுதிவிடுவோம்.

ஊதவைத்து மூச்சின் அளவைக் கருவியால் அளக்கும் ஸ்பைரோமெட்ரி இருக்கும்போது வினாத்தாள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. முதல் ஒரு நொடியில் நோயாளி ஊதித் தள்ளும் காற்றின் அளவுக்கும் அவருடைய அன்றாட வாழ்வின் சிரமத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. ஊதும் அளவு ஒரேபோல் உள்ள இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார். மற்றவர் குளித்துவிட்டு வந்தாலே உட்கார்ந்து மூச்சு வாங்குவார். இந்த வேறுபாட்டைக் கருவி காட்டாது. நோயாளிதான் சொல்ல வேண்டும்.

சி.ஏ.டி.யின் எல்லைகளை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். புகைக்காத ஆரோக்கியமானவர்களுக்கு 5 வரை வருவது இயல்பு. 10-க்குக் கீழே பாதிப்பு குறைவு, 10 முதல் 20 வரை நடுத்தரம், 20-ஐத் தாண்டினால் அதிகம், 30-ஐத் தாண்டினால் மிக அதிகம். சி.ஓ.பி.டி.க்கான உலகளாவிய 'கோல்ட்' வழிகாட்டுதல் 10 என்ற எண்ணைத்தான் அறிகுறிகள் குறைந்தவர், மிகுந்தவர் என்று பிரிக்கும் கோடாக வைத்திருக்கிறது. ஆனால் 9-க்கும் 10-க்கும் நடுவில் உடலில் எந்தச் சுவரும் இல்லை.

இப்போது அந்த 22-க்கு வருவோம். இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாமவரின் மதிப்பெண்கள்: இருமல் 2, சளி 2, நெஞ்சு இறுக்கம் 1, மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு 5, வீட்டு வேலைகளில் தடை 4, வெளியே போகும் தைரியமின்மை 4, தூக்கக் கேடு 1, சோர்வு 3. இரண்டாமவருக்கு இதே வரிசையில் 5, 5, 3, 3, 1, 0, 4, 1. இரண்டையும் கூட்டினால் 22-தான். முதலாமவர் மூச்சிரைப்புக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிவிட்டவர். மூச்சுக்குழாய் விரிப்பானைச் சரிபார்ப்பதோடு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அனுப்ப வேண்டியவர். இரண்டாமவரை இருமலும் சளியும் இரவில் தூங்கவிடாமல் செய்கின்றன. அவர் இன்னும் புகைக்கிறாரா, விறகடுப்புப் புகையில் நிற்கிறாரா, மூச்சுக்குழாய் விரிவு நோயோ தொற்றோ கூடவே இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆகவே மொத்தத்தை மட்டும் எழுதாமல் எட்டு எண்களையும் எழுதி வையுங்கள். அதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

அடுத்தது மாற்றம். சி.ஏ.டி.யில் 2, செயிண்ட் ஜார்ஜில் 4, மக்மாஸ்டர் வினாத்தாளில் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.5 என்ற அளவு மாறினால், நோயாளி அதைத் தன் வாழ்வில் உணர்வார் என்று ஏற்கப்பட்டுள்ளது. இவை குழுக்களின் சராசரியிலிருந்து கிடைத்த எண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தனி ஒருவரிடம் 2 புள்ளி ஏற்ற இறக்கம், முந்தைய இரவு சரியாகத் தூங்காததால் கூட வரலாம். எனவே ஒரே முறை பார்த்து இன்ஹேலரை மாற்றாமல், அடுத்த வருகையிலும் அதே திசையில் போகிறதா என்று பாருங்கள். திடீரென்று 5 புள்ளி ஏறியிருந்தால் அது வேறு கதை. நோய் தீவிரமடையும் கட்டமாக இருக்கலாம் என்பதால் சளியின் நிறம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

மதிப்பெண் இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தியல்ல. மேலே சொன்ன முதலாமவர் மூன்று மாதம் கழித்து 18 என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படிக் கேள்வியில் 5 இப்போது 3. வீட்டு வேலையில் 4 இப்போது 2. 'பரவாயில்லையே' என்று மகிழ்வதற்கு முன், 'இப்போது மாடி ஏறுகிறீர்களா ஐயா?' என்று கேளுங்கள். 'இல்லைங்க, பையன் கட்டிலைக் கீழேயே போட்டுட்டான், தண்ணிகூட மருமகதான் கொண்டுவந்து தருது' என்று பதில் வந்தால், நுரையீரல் தேறவில்லை, வாழ்க்கை சுருங்கியிருக்கிறது என்பது புரியும். ஆறு நிமிட நடைச் சோதனையில் தூரம் முன்பு போலவே இருந்தாலோ குறைந்திருந்தாலோ சந்தேகம் உறுதியாகும். நான் மிகவும் கவலைப்படுவது இந்த வகை நோயாளிகளைப் பற்றித்தான். குறைந்த எண் அவர்களை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

வினாத்தாளை யார் நிரப்பியது என்பதும் முக்கியம். நோயாளி தாமே நிரப்ப வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கு நாம் வரிக்கு வரி படித்துக் காட்டலாம், ஆனால் விளக்கமோ யோசனையோ சேர்க்கக் கூடாது. உடன் வந்த மகன் பதில் சொன்னால் அது மகனின் மதிப்பீடு. ஆங்கிலத் தாளை அந்த இடத்திலேயே வாய்மொழியாக மொழிபெயர்ப்பதும் ஆபத்து, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கேள்வி வேறாகிவிடும். ஒன்றிரண்டு கேள்விகள் விடுபட்டால் மற்றவற்றின் சராசரியை அங்கே இட்டுக் கணக்கிடலாம். இரண்டுக்கு மேல் விடுபட்டால் மொத்தம் போடாதீர்கள்.

இந்த எண்ணை வைத்து நோயைக் கண்டறியவும் முடியாது. இரத்தச்சோகை, இதயச் செயலிழப்பு, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் சி.ஏ.டி.யை ஏற்றிவிடும். இன்ஹேலரைச் சரியாக இழுத்தும், ஸ்பைரோமெட்ரி பெரிதாக மாறாமலும், சோர்வும் தைரியமின்மையும் மட்டும் தனியே உயர்ந்து நின்றால், ஹீமோகுளோபினையும் இதயத்தையும் பார்த்துவிட்டு, மனம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

கோப்பில் எழுதும்போது இப்படி எழுதலாம்: 'சி.ஏ.டி. 18, மூன்று மாதம் முன்பு 22, மாடிப்படி 5-இலிருந்து 3, ஆனால் மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார், தாமே நிரப்பினார், நடைச் சோதனைக்கு அனுப்பப்பட்டது.' அடுத்த முறை அவரைப் பார்ப்பவர் வேறொருவராக இருந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர இது போதும்.