கச்சேரிப் பியானோவின் மூடியைக் கழற்றும்போது கீல்களைக் காக்கும் முறை

டர்பனில் மேடைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு பியானோக்களை எதிரெதிரே பொருத்தி வாசிக்கும்போது, ஒன்றின் மூடி அவையோருக்கு மறுபுறமாகத் திறப்பதால், அதைக் கழற்றியே ஆகவேண்டும். பியானோவில் அமர்ந்தபடியே ஒருவர் இசைக்குழுவை நடத்தும் நாள்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். மற்ற நாள்களில் கழற்றச் சொன்னால், முதலில் மூடியை முழு உயரத்துக்கு நிறுத்தி ஒலியைக் கேட்டுப் பார்க்கும்படி பணிவாகச் சொல்லுங்கள்.

நான் கண்டவரையில், கீல் கெடுவது மூடியைத் தூக்குவதால் அல்ல. கீலின் இரு பாதிகளையும் கோத்து நிற்கும் கீல் கம்பியை மூடியின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கம்பியை இழுப்பதால்தான். முன்பு நான் வேலை பார்த்த ஓர் அரங்கில், இறுகிய கம்பியைக் குறடால் பிடித்து இழுத்து வளைத்துவிட்டோம். இரவு அவசரத்தில் அதையே திரும்பச் செருகினோம். சில மாதங்களில் கீலின் துளை முட்டை வடிவமாகிவிட்டது. திறக்கும்போதெல்லாம் மூடி ஆடியது. அந்தக் கறுப்பு மெருகில் குறடு போட்ட கீறலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எனவே, மூடியின் மடங்கும் முன்பகுதியான முன்மடிப்பைப் பின்னால் மடித்து, மூடியைத் தாழ்த்தி வைத்த பிறகு, ஒருவர் கீல் பக்க விளிம்பை இம்மியளவு தூக்கிப் பிடிக்க, மற்றவர் கம்பியை மெல்லத் திருகியபடி விரலால் உருவ வேண்டும். எந்தக் கம்பி எந்தக் கீலுக்கு உரியது என்று குறித்து, துணிப்பையில் போட்டுவையுங்கள். 274 செ.மீ. நீளமுள்ள ஸ்டைன்வே டி போன்ற பியானோவுக்கு நான்கு பேர் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், இடைவார்க் கொக்கி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, மூடியை நேர்மேலாகத் தூக்கி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கம்பளம் விரித்து, நீண்ட நேர்விளிம்பு கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். பியானோவுக்குள் திறந்து கிடக்கும் இசைக் கம்பிகளின்மேல் தூசு படியாமல் பருத்தித் துணி போர்த்துங்கள்.

எங்கள் கடற்காற்றில் கீல் கம்பி துருப்பிடிப்பது இயல்பு; உலர்துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் விட்டால் மரத்தில் ஊறிவிடும். கீல் திருகு பிடிக்காமல் சுற்றினால், நீளமான திருகை முடுக்காதீர்கள், அது மூடியின் மேற்பரப்பைத் துளைத்துவிடும். பழைய துளையில் கடினமரக் குச்சியைப் பசையிட்டு அடைத்துப் புதிதாகத் துளையிடும் வேலையைப் பியானோ பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது, கீல்களின் கண்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்த பின்னரே கம்பியைச் செருக வேண்டும். ஒவ்வொரு கம்பியும் முழுவதுமாக இறங்கியிருப்பதை இருவர் தனித்தனியே தொட்டுப் பார்க்கும் வரை மூடியை யாரும் உயர்த்தக் கூடாது. கம்பி விடுபட்ட மூடி சரிந்து ஆள்மேல் விழும்.